முதல் பணம் யாருக்கு? கடன் கைமீறிப் போனவர் முன்னால் இருக்கும் வழிகள்

2024 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். திருப்பூரில் பனியன் தைக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறான். செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தான். கவிழ்த்து வைத்தும் அது உறுமிக்கொண்டே மேசை விளிம்பு வரை நகர்ந்தது. "காலைல இருந்து இருபத்தேழாவது போனுங்ணா" என்றான். அவன் மனைவி காபி டம்ளரை வைத்துவிட்டு, அந்தப் போனை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்ட காரியம் என்று பார்த்ததுமே தெரிந்தது.

சித்தப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவில் ஆரம்பித்த கடன். ஆர்டர் கொடுக்கும் பார்ட்டிகளிடமிருந்து பில் பணம் மூன்று, நான்கு மாதம் தள்ளி வந்ததில் அது வளர்ந்தது. அன்று ஒரு நீள நோட்டில் எல்லாவற்றையும் எழுத வைத்தேன். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கியதில் மிச்சம் 6,00,000, தவணை 9,800. ஒரு தனியார் வங்கியில் தனிநபர் கடன் மிச்சம் 3,60,000, மூன்று வருஷம் பாக்கி, தவணை 13,000. அதே வங்கியின் இரண்டு கிரெடிட் கார்டுகளில் 2,40,000; குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினாலே மாதம் 12,000. ஊரில் ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு 1,00,000. வட்டி மட்டும் மாதம் 5,000. ஆக மாதம் 39,800 கட்ட வேண்டும். வீட்டுச் செலவும் பிள்ளைகள் பீஸும் போக அவன் கையில் நிற்பது 21,000.

அந்த மாதம் இருந்த பணத்தில் அவன் யாருக்குக் கொடுத்திருந்தான் தெரியுமா? வட்டிக்காரருக்கு 5,000, போனில் அதிகம் கத்திய கார்டு வசூல்காரருக்கு 6,000. வீட்டுக் கடனுக்கு ஒன்றும் கட்டவில்லை. ஏன் என்றேன். "அவங்க வாசல்ல வந்து நின்னுக்கறாங்ணா. வீட்டு லோன்காரங்க மெசேஜ்தானே போடறாங்க."

வங்கிக் கடன் பிரிவில் 19 வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். கடனில் மூழ்கியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். கத்துகிறவருக்கு முதலில் கொடுக்கிறோம். எது வீட்டை எடுக்கும், எது வேகமாக வளரும் என்று பார்த்துக் கொடுப்பதில்லை. கீழே ஒப்பிடும் வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இந்த வரிசை சரியாகாமல் எதுவும் பலிக்காது.

வரிசையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடன் முதலில். தவணை 90 நாள் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் விடும். அதற்குள் கட்டாவிட்டால், வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடும் அதிகாரம் அதற்கு உண்டு. தனிநபர் கடனுக்கும் கார்டுக்கும் அந்த அதிகாரம் கிடையாது. அவர்கள் சிவில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி வர வேண்டும். சம்பளக்காரராக இருந்தால், தீர்ப்பே வந்தாலும் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது, பி.எப். பணத்தையும் தொட முடியாது. கட்ட வக்கில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கொடுத்த செக் திரும்பினாலும், தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினாலும் கதை வேறு. அது குற்ற வழக்காக வரலாம். இரண்டு வருஷம் வரை தண்டனை உண்டு. பணம் திரும்பியதற்கான நோட்டீஸ் கையில் கிடைத்தால் கட்ட 15 நாள் அவகாசம். பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கும் கவர்களில் அது ஒன்றாக இருந்துவிடக் கூடாது.

வளரும் வேகத்தில் அஞ்சு வட்டி முதல் எதிரி, வருஷத்துக்கு 60 சதவீதம். அடுத்தது கார்டு. மாதம் 3.5 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 42. வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் போட்ட வரம்பையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

புதுக் கடன் வாங்கிப் பழசை அடைப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. கணக்கும் ஆசை காட்டும். வீட்டுப் பத்திரத்தின் மேலேயே 7,00,000 கூடுதல் கடன் 10 சதவீதத்தில், 10 வருஷத்துக்குக் கிடைத்தால் அதன் தவணை 9,250. பழைய வீட்டுத் தவணையோடு 19,050. அவன் கையில் நிற்கும் 21,000-க்குள் அடங்கிவிடுகிறது.

எனக்கு அது பிடிக்கவில்லை. கார்டு கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் இதுவரை வீட்டைத் தொட வழியில்லை. இந்த ஒரு கையெழுத்தோடு 7,00,000 ரூபாயும் வீட்டின் மேல் ஏறிவிடும். ஜாப் ஒர்க் தொழிலில் ஆர்டர் இல்லாத மாதங்கள் வரும். தவிர, அடைத்த கார்டில் லிமிட் மறுபடி காலியாக நிற்கும். கடனை ஒன்றாகச் சேர்த்தவர்கள் ஒன்றரை வருஷத்தில் கார்டையும் மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். நிரந்தரச் சம்பளம் உள்ளவர், கார்டை வங்கியிலேயே மூடச் சொல்லிக் கடிதம் கொடுப்பவர் என்றால் இந்த வழியை நான் தடுக்க மாட்டேன். அவர்களுக்கும் ஒரு நிபந்தனை: தவணை ஒன்றுகூடத் தவறும் முன்பே கேட்க வேண்டும். தவறிய பிறகு கேட்டால், கொடுக்கும் வங்கி அநேகமாக இருக்காது. கொடுக்க முன்வருகிறவர் கேட்கும் வட்டி பழையதைவிட மோசமாக இருக்கும்.

நகை: விற்பதா, அடகு வைப்பதா

அவர்கள் வீட்டில் ஒன்பது பவுன் இருந்தது. அதைப் பற்றி அவனிடம் நான் பேசவில்லை. அவன் மனைவியிடம் கேட்டேன். நகை அவளுடையது. பெண்ணின் நகைமேல் கணவனுக்கு உரிமை கிடையாது, ஆபத்துக்கு எடுத்தால் திருப்பிக் கொடுக்கும் கடமைதான் உண்டு என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லியிருக்கிறது. கட்டாயப்படுத்தி வாங்கிய நகையால் கடன் அடையலாம், அந்த வீட்டில் நிம்மதி திரும்பாது.

அடகு வைத்தால் வங்கியில் மாதம் ஏறக்குறைய ஒரு வட்டி. அதை வாங்கி அஞ்சு வட்டியை அடைப்பது கணக்குப்படி சரிதான். ஒரு வருஷத்துக்குள் மீட்கப் பணம் எங்கிருந்து வரும் என்று திடமாகச் சொல்ல முடிந்தால் அடகு நல்ல வழி. சொல்ல முடியாவிட்டால் நடப்பது வேறு: வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்போம், மூன்றாம் வருஷம் நகை மூழ்கிப் போகும். நகையும் போய், மூன்று வருஷ வட்டியும் போயிருக்கும். பொண்ணு கல்யாணத்துக்கு என்று வைத்திருந்ததை விற்க மனசு வராது, எனக்கும் தெரியும். ஆனாலும் மீட்க வழி தெரியாத நகையை விற்றுவிடுவதே மேல் என்பேன்.

அவள் ஓர் இரவு யோசித்தாள். மறுநாள் காலையில் நான்கு பவுன் ஆரத்தைக் கைக்குட்டையில் முடிந்து என் முன்னால் வைத்து, "தாலியும் கொழந்தைக வளையலும் குடுக்க மாட்டேனுங்க மாமா" என்றாள். கழிவு போக 2,05,000 கிடைத்தது. 1,00,000-ல் வட்டிக் கடன் முழுதாக முடிந்தது. 1,05,000 கார்டுக்குப் போனது. அந்த ஓர் ஆரத்தால் மாதம் 8,600 ரூபாய்க்கு மேல் வட்டி நின்றது.

வட்டிக்காரரிடம் அசலைக் கொடுக்கும்போது இரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டோம். கையெழுத்துப் போட்ட புரோநோட்டு, தொகை எழுதாத இரண்டு செக்குகள், மூன்றையும் அசலாகத் திரும்ப வாங்கிய பிறகே பணம் கைமாறியது. அவர் கொடுத்துவிட்டார். கொடுக்க மறுப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் அதில் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை. சட்டப்படியான வட்டியோடு கடனை நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கவும் அதில் இடமுண்டு. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் நெருப்பில் போனதை இன்னும் நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். மிரட்டல் வந்தால் எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நெஞ்சில் தப்பான எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள்.

வங்கியிடமே தவணையைக் குறைக்கக் கேட்பது

இதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. இதைத்தான் ஆட்கள் கேட்பதேயில்லை. மானம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: தவணை கட்டாமல் போனை எடுக்காதவரைவிட, கட்ட முடியவில்லை என்று கணக்கோடு வருகிறவர் வங்கிக்கு ஆயிரம் மடங்கு நல்லவர். கணக்கு 90 நாளைத் தாண்டி வாராக்கடன் ஆனால் வங்கிக்கும் நஷ்டம். ஆகவே உங்கள் பேரத்துக்குப் பலம் அந்த 90 நாளுக்குள்தான். அவனுக்கு அப்போது தனிநபர் கடனில் 40 நாள் ஆகியிருந்தது.

அதற்கு முன் ஒரு வேலை செய்தோம். பார்ட்டிகளின் பில் பணம் எல்லாம் கடன் வாங்கிய அந்தத் தனியார் வங்கியின் கணக்குக்கே வந்துகொண்டிருந்தது. நம் கணக்கில் இருக்கும் பணத்தை அதே வங்கி தன் பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ள முடியும். சனிக்கிழமை கூலி கொடுக்க வைத்த பணம் வெள்ளிக்கிழமை காணாமல் போயிருக்கும். கடன் இல்லாத வேறு வங்கியில் கணக்கு தொடங்கி, பில் பணத்தை அங்கே மாற்றினோம்.

கடிதம் ஒரே பக்கம். எதனால் தவறியது என்று இரண்டு வரி, வருமானம், செலவு, மற்ற கடன்கள், அதன்பின் 'மாதம் இவ்வளவு, இந்தத் தேதியில் கட்ட முடியும்' என்று ஒரு தொகை. கருணை கேட்டு நான்கு பக்கம் எழுதுவதால் பயனில்லை. அந்தத் தொகைதான் கடிதத்தின் உயிர். வங்கிக் கணக்கின் ஆறு மாத நகலையும் ஆஸ்பத்திரி பில்லையும் இணைத்தோம். கிளையில் இருந்தவர், "ஓவர்டியூவைக் கட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். எங்கும் முதல் பதில் அதுதான். கடிதத்தின் நகலில் சீல் போட்டுக் கேட்டோம். தயங்கிப் போட்டார். அந்தச் சீல் விழுந்த நகலை வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். 23-ஆம் நாள் கூப்பிட்டார்கள்.

நான் முன்பே அவனிடம் ஒன்று சொல்லியிருந்தேன்: பேச்சில் எந்த நெருக்கடி வந்தாலும், நோட்டில் எழுதிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய்க்கும் தலையாட்டாதே. ஒத்துக்கொண்டுவிட்டு இரண்டாம் மாதமே தவறினால் அதன்பின் உன் சொல்லுக்கு மதிப்பு இல்லை. அவர்கள், "சொந்தக்காரங்க யார்கிட்டயாச்சும் கைமாத்து வாங்கிக் கட்டுங்க" என்றார்கள். "அப்படி வாங்கித்தான் இங்க வந்து நிக்கறனுங்க" என்றான். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.

தனிநபர் கடன் 36 மாதத்திலிருந்து 60 மாதமானது, தவணை 9,140. சும்மா கிடந்த ஒரு ஓவர்லாக் மிஷினை விற்று 45,000 கட்டியதில் கார்டு பாக்கி 90,000-க்கு வந்திருந்தது. அதை 18 சதவீதத்தில் 36 தவணையாக மாற்றினார்கள், மாதம் 3,250. வீட்டுத் தவணையோடு சேர்த்து 22,190. கையில் இருப்பதைவிட 1,190 அதிகம். அதை வீட்டுச் செலவில் பிடித்தார்கள். இது இனாம் கிடையாது: தவணைக் காலத்தை நீட்டியதால் தனிநபர் கடனில் மட்டும் சுமார் 80,000 ரூபாய் வட்டி கூடுகிறது. கடன் மறுசீரமைப்பு செய்ததாக, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் பதியலாம். அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தோம்.

செட்டில்மென்ட்

வாங்கியதில் ஒரு பகுதியைக் கட்டி மீதியைத் தள்ளுபடி செய்வது. வேலை போய்விட்டது, உடம்பு முடியாமல் போய்விட்டது, வருமானம் திரும்பும் வழியே இல்லை என்பவர்களுக்கு இது நியாயமான வழி, வெட்கப்பட ஒன்றுமில்லை. வருமானம் உள்ளவருக்கு நான் சொல்ல மாட்டேன். கணக்கு வாராக்கடன் ஆன பிறகுதான் பெரும்பாலும் இந்தப் பேச்சே தொடங்கும். அதுவரை வட்டி ஏறும், வசூல் ஆள்கள் வருவார்கள். சேர்ந்தாற்போல் ஒரு தொகையும் வேண்டும். முடித்த பிறகு சிபிலில் 'முடிக்கப்பட்டது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். பல வருஷம் அது நிற்கும். ரிசர்வ் வங்கியின் 2023 விதிப்படி அந்த வங்கி குறைந்தது 12 மாதத்துக்கு உங்களுக்குப் புதுக் கடன் கொடுக்க முடியாது; விவசாயக் கடனுக்கு மட்டும் விலக்கு.

பேசுவதென்றால், வசூல்காரர் போனில் சொல்லும் தொகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வங்கியின் கடிதம், கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, 'இதோடு முழுப் பாக்கியும் தீர்ந்தது' என்ற வாசகம், இத்தனையும் கையில் வந்த பிறகே கட்ட வேண்டும். கட்டுவதும் கடன் கணக்குக்கு நேராக; வசூல்காரரின் ஜி-பே எண்ணுக்கு ஒருபோதும் கூடாது. 'நாங்கள் பேசிப் பாதியாக்கித் தருகிறோம், அதுவரை தவணை கட்டாதீர்கள்' என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகளும் இருக்கின்றன. அவர்கள் பீஸ் வாங்கிச் செய்வது நீங்களே எழுதக்கூடிய கடிதத்தைத்தான். நீங்கள் கட்டாமல் நிறுத்திய மாதங்களுக்கான வட்டியும் நோட்டீஸும் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

அதைவிட லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம் நூறு பங்கு மேல். வழக்குப் போடும் முன்பே அங்கே பேசித் தீர்க்கலாம், கட்டணம் இல்லை, உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும். நீதிபதி முன்னால் பேசும்போது வங்கியின் குரலும் தணிந்தே இருக்கும்.

வசூல் ஆள்கள் பற்றி ஒரு வார்த்தை. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அவர்கள் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் அவமானப்படுத்துவதும் கூடாது. தேதி, நேரம், எண் எழுதி வையுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 14448-க்குப் பேசினால் வழி சொல்வார்கள், செலவில்லை.

மஞ்சக் கடுதாசி

ஊரில் கடைசியாகச் சொல்வது இது: "ஐ.பி. குடுத்துட்டுப் போயிரலாம்." கோர்ட்டில் திவால் மனுக் கொடுப்பதைத்தான் ஐ.பி., மஞ்சக் கடுதாசி என்கிறார்கள். சென்னை தவிர மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம், சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், இவைதான் தனிநபருக்கு இன்னும் நடைமுறை. 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது.

சொத்து ஒன்றுமே இல்லாமல், கைக்கடன் மட்டும் மலை மாதிரி நிற்கிறவருக்கு இதில் ஒரு பாதுகாப்பு உண்டு. மற்றவர்கள் நினைப்பது போல் மனுப் போட்டதும் கடன் ஓடிவிடாது. வீட்டை அடமானம் பிடித்த வங்கியை அது தடுக்காது. மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் மச்சான் பெயருக்கு எழுதி வைத்த நிலத்தைப் பெரும்பாலும் கோர்ட்டால் ரத்து செய்ய முடியும். எனக்கு இதில் தாங்காத இடம் இன்னொன்று: உங்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரை அது காப்பாற்றாது. நீங்கள் மஞ்சக் கடுதாசி கொடுத்த மறுநாள் அவர் வாசலில் போய் நிற்பார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்ட மாமனோ, கூட வேலை செய்தவரோ, அவர்களிடம் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

என் தம்பி அந்தப் பக்கமே போகவில்லை. 2024 செப்டம்பரில் முதல் புதுத் தவணை. இந்தத் தை மாதத்தோடு 17 முடிந்தது. ஒரு மாதம் ஆர்டர் இல்லாமல் தவறப் பார்த்தது. பத்து நாள் முன்பே வங்கிக்கு எழுதி, ஒரு வாரம் அவகாசம் வாங்கிக் கட்டினான். வீட்டுத் தவணை ஒன்றும் விடவில்லை. பொங்கலுக்குப் போயிருந்தேன். நோட்டில் வட்டிக்காரர் பெயர் இருந்த வரியைச் சிவப்புப் பேனாவில் அடித்திருந்தாள் அவன் மனைவி. திரும்ப வாங்கிய புரோநோட்டை அந்தப் பக்கத்திலேயே பின் அடித்து வைத்திருக்கிறாள். போன் டிவி பக்கத்தில் மல்லாக்கக் கிடந்தது.